மூன்றாம் எண்ணில் ஒரு லாரி

மாட்டுப்பண்ணைச் சமையற்காரி க்ளெனிஸ் போன மாதம் கிளைவின் தபால் லாரியில் ஏறினாள். இடுப்பு வலிக்காரி. மாரீ ஊரில் இறங்கியதும், "யப்பா சாமி! இது லாரியா, இடி உரலா? இனி நடந்து வந்தாலும் வருவேன், இதுல ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கிளைவுக்குச் சுருக்கென்றது. மனைவி செத்து ஆறு வருடம். வாரம் இரண்டு நாள் அந்தச் செம்மண் தடத்தில் அவனும் ஸ்டியரிங்கும்தான். அபூர்வமாக ஒரு பேச்சுத்துணை கிடைத்தது, அதையும் லாரி கெடுத்துவிட்டது.

திருகு வைத்த ஷாக் அப்சார்பர்களை வாங்கி மாட்டினான். திருகில் எட்டு எண்கள்; எண் கூடக் கூட இறுக்கம். சக்கரம் ஏறி இறங்க இருக்கிற இடத்தைத் திருகு ஓர் அங்குலம்கூடக் கூட்டாது. அந்த இடத்துக்குள் அது எவ்வளவு தாராளமாக அசையலாம் என்பதைத்தான் மாற்றும். மாவு மூட்டை, டீசல் பீப்பாயோடு போகையில் ஏழு சரியாக இருந்தது. காலியாகத் திரும்பும்போதும் ஏழிலேயே விட்டான், மடையன். சக்கரம் பள்ளத்தில் இறங்க நேரமில்லாமல் மேட்டுக்கு மேடு தாவியது. இரண்டில் வைத்தால் அச்சு எகிறி மேலே தடுப்புக் கட்டையில் தொம்மென்று முட்டியது. மூன்றில்தான் லாரி வழிக்கு வந்தது.

அடுத்த முறை காலியாகத் திரும்பும்போது, இப்போது குலுக்காது என்று கெஞ்சிக் கூத்தாடி அவளை ஏற்றினான்.

"பொய் சொல்லியிருந்தே, உன் டீயில உப்புதான்."

"போடு தாயி. முதல்ல ஏறு."

தடத்துக்குக் குறுக்கே வந்த பண்ணை வேலியின் முதல் கேட்டை அவளே இறங்கித் திறந்து மூடினாள். பக்கத்து சீட்டுக்காரர் வேலை அது. லாரி மெத்தென்று ஓடியது. கொஞ்ச தூரம் போனதும், யாரிடமும் சொல்லாததை கிளைவ் சொல்ல ஆரம்பித்தான்.

"எம் பொண்டாட்டிக்கு ரொம்ப முடியலன்னு லாரி ரேடியோல கூப்பிட்டாங்க, க்ளெனிஸ். நான் உடனே திரும்பல. மிச்சம் ரெண்டு பண்ணைக்கும் தபாலக் குடுத்துட்டுதான் போனேன். போறதுக்குள்ள…"

திரும்பிப் பார்த்தான். வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த கேட்டில் அவனே இறங்கினான். பின்சக்கரத்தருகே குனிந்து ஒரு திருகை ஏழுக்குத் திருப்பினான். நாலு சக்கரத்துத் திருகையும் திருப்பினால் குலுக்கலில் பத்தே நிமிடத்தில் எழுந்துவிடுவாள். கண்ணாடி வழியே அவள் முகம் தெரிந்தது. வலியில்லாத முகம். அவளை அப்படி அவன் பார்த்ததே இல்லை. திருகை மறுபடி மூன்றில் வைத்தான். சத்தம் கேட்காமலிருக்கச் சங்கிலியைக் கையில் பிடித்தபடி கேட்டைத் திறந்தான்.

மாரீயில் அவள் சோம்பல் முறித்தாள். "வந்தாச்சா! இப்படித் தூங்கி எத்தனை மாசமாச்சு! இனி வாராவாரம் நான்தான். ஆமா, ஏதோ சொல்லிட்டிருந்தியே, என்னது?"

"ரோட்டைப் பத்திதான்."

"ரோட்டுல பேச என்னய்யா இருக்கு?" என்று சிரித்தபடி, பையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள்.

வாராவாரம் வரப்போகிறாள். கிளைவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அழுகையும் வந்தது.