காலி ரோட்டு டிரைவர்

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் மனைவி எப்படி பஸ் டிரைவர் ஆனாள் என்பது விளங்கும்.

போன ஆட்சி வந்த புதிதில், பழைய நகரத்தில் மூச்சுவிட இடமில்லை, அரசாங்க அலுவலகங்களை எல்லாம் வெட்டவெளியில் ஒரு புது நகரம் கட்டி அங்கே கொண்டுபோகிறோம் என்று அறிவித்தார்கள். நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவன். நிலத்தைப் பற்றிய அலுவலகம் என்பதாலோ என்னவோ, எங்களைத்தான் முதலில் மூட்டை கட்டச் சொன்னார்கள்.

நகரத்தில் நாங்கள் குடியிருந்தது ஒரு சந்துக்குள், இரண்டாவது மாடியில். எதிர்வீட்டுக்காரர் தும்மினால் நாங்கள் ஜன்னலைச் சாத்த வேண்டும். புது நகரத்தில் கொடுத்த குவார்ட்டர்ஸ் வாசலைத் திறந்தாலோ, ஆறு வண்டிகள் ஒன்றாகப் போகிற அகலத்துக்குத் தார்ச்சாலை. போவதற்குத்தான் ஒரு வண்டியும் இல்லை. சிக்னல்கள் தம்பாட்டுக்குச் சிவப்பும் பச்சையுமாக மாறிக்கொண்டிருக்கும். ரவுண்டானா நடுவில் ஒரு நாய் காலை நீட்டித் தூங்கும். வீட்டுக்கு என்ன வாங்குவதென்றாலும் பக்கத்து டவுனுக்குப் போக வேண்டும். அதற்கும் யாராவது வண்டி வைத்திருப்பவர் தயவு வேண்டும்.

சந்து வீட்டில் இருந்தவரை என் மனைவி தனியாக எங்கும் போனதில்லை. போகவேண்டிய அவசியமும் வரவில்லை, எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. புது வீட்டுக்கு வந்த சில நாட்களில், ஒரு சாயங்காலம் வாசல்படியில் நின்றபடி கேட்டாள்:

“என்னங்க, இவ்வளவு பெரிய ரோடு சும்மாதானே கிடக்கு?”

“ஆமா.”

“நான் வண்டி ஓட்டிப் பழகட்டுமா?”

“நம்மகிட்ட வண்டியே இல்லையே.”

“ரோடு இருக்குல்ல? வண்டி பின்னாடி வரும்.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுவாரமே பக்கத்து டவுனில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவருக்கு ‘பிரேக்’ என்று பட்டப்பெயர். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் பிரேக்கில் காலை வைத்தால் எடுக்கவே மாட்டாராம். அவருக்கு ஒரே பாடம்தான். சாலையில் ஆள் கடக்கிற வெள்ளைக் கோடு எங்கே கண்ணில் பட்டாலும் வண்டி நிற்க வேண்டும். “கோட்டைப் பாரும்மா, ஆளைத் தேடாதே” என்பார். ஆளே இல்லாத ஊரில் அதை ஒருத்தி எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டாள் என்றால், அது என் மனைவிதான்.

கார் கைக்கு வந்தது. பிறகு வேன். பிறகு ஹெவி லைசென்ஸ். அந்தச் சமயத்தில் குவார்ட்டர்ஸிலிருந்து அலுவலகங்களுக்குப் போய்வரும் ஊழியர் பஸ்ஸுக்கு டிரைவர் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். நகரத்து டிரைவர்கள் ஒருவரும் இந்தப் பொட்டல்காட்டுக்கு வரச் சம்மதிக்கவில்லை. இவள் விண்ணப்பம் போட்டாள். தற்காலிகம் என்று சொல்லி எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அடுத்த தேர்தல் வரைக்கும் அந்தத் தற்காலிகம் ஓடியது.

பஸ்ஸில் அவளைக் கேலி செய்யாதவர் இல்லை. தலைமை வகித்தவர் எங்கள் அலுவலகத்தின் பென்ஷன் பிரிவுக்காரர். எப்போதும் டிரைவருக்குப் பக்கத்து முதல் இருக்கையில்தான் உட்காருவார் என்பதால் அவரை எல்லோரும் ‘முன்சீட்டு’ என்றுதான் சொல்வோம். போன ஆட்சியின் கட்சிக்கு ஊழியர் சங்கத்தில் அவர்தான் ஆள்.

“டிரைவரம்மா, இப்ப யாரு கடந்து போனா?”

“யாருமில்ல சார்.”

“அப்புறம் ஏன் நின்னீங்க?”

“யாரும் இல்லன்னு பார்க்கத்தான் சார்.”

பஸ் முழுக்கச் சிரிக்கும். நானும் நாலாவது வரிசையில் உட்கார்ந்து, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல், ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.

தேர்தல் வந்தது. ஆட்சி மாறியது. புது நகரம் வெட்டிச் செலவு, அலுவலகங்கள் படிப்படியாகப் பழைய நகரத்துக்கே திரும்பும் என்று முதல் வாரத்திலேயே உத்தரவு போட்டார்கள். போகும்போது முதலில் போன நாங்கள், திரும்பும்போதும் முதலில். ஆனால் பிள்ளைகளின் பள்ளி வருஷம் இன்னும் பாதிதான் முடிந்திருந்தது. அதனால் குடும்பங்கள் குவார்ட்டர்ஸிலேயே இருக்கட்டும், ஊழியர்கள் தினமும் பஸ்ஸில் நகரத்துக்குப் போய்வரட்டும் என்று ஏற்பாடு.

அந்த பஸ்ஸை யார் ஓட்டுவது என்பதில்தான் பிரச்சினை வந்தது.

போக்குவரத்து அதிகாரி நகரத்திலேயே இருந்துகொண்டு எங்களை ஆண்டவர். என் மனைவியைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன்.

“ஏம்மா, நீங்க காலி ரோட்டு டிரைவர். அது உங்க தப்பில்ல. ஆனா சிட்டியில கோட்டுக்குக் கோடு நின்னீங்கன்னா, காலையில கிளம்புன பஸ் சாயங்காலம்தான் வந்து சேரும்.”

“ஓட்டிக் காட்டறேன் சார்.”

“திங்கக்கிழமை புது மந்திரி ஆபீஸ் வாசல்ல நின்னு யார் யார் நேரத்துக்கு வர்றாங்கன்னு பார்க்கப்போறாராம். அன்னிக்கு உங்க பஸ் லேட்டாச்சுன்னா நான் காப்பாத்த முடியாது. வேற டிரைவரப் போட்டுருவேன்.”

“லேட்டாகலன்னா?”

அவர் அதை யோசித்திருக்கவில்லை போலிருந்தது. “லேட்டாகலன்னா... அப்ப பார்க்கலாம்” என்றார்.

அவளுக்கு வேலை போனால் என்ன ஆகும் என்பதை என் மச்சான் ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருந்தார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். நகரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஆட்சி மாறுகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள நாங்கள் செய்தி பார்க்க வேண்டியதில்லை. அவர் வண்டியில் எந்தக் கொடி பறக்கிறது என்று விசாரித்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை போனில் வந்தார்.

“மாப்பிள்ளை, எங்க வீட்டு மாடி போர்ஷன வெள்ளையடிச்சு வச்சிருக்கேன். பேசாம வந்துருங்க. தங்கச்சி வீட்ல நிம்மதியா இருக்கட்டும். பொம்பளப் புள்ளைய பஸ் ஓட்ட விட்டுட்டு நீங்க பின்னாடி உட்கார்ந்து போறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?”

“பின்னாடி இல்ல மச்சான், நாலாவது வரிசை.”

“இந்த நக்கலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல.”

நான் போனை வைத்தபோது அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “அந்த மாடிக்குப் போனா நான் மறுபடியும் ஜன்னல் சாத்துறதும் திறக்கிறதுமாத்தான் இருப்பேன். எனக்கு வேண்டாம்.” அவ்வளவுதான். அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் யாரும் கேலி பேசவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. சிலர் இருக்கையில் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், எப்போது வேண்டுமானாலும் குதிக்கலாம் என்பதுபோல. முன்சீட்டு மட்டும் தன் இடத்தில் இருந்தார்.

நெடுஞ்சாலை முடிந்து நகரம் தொடங்கியது. சரக்கு லாரி ஒன்று இடதுபக்கமிருந்து மூக்கை நீட்டியது. அவள் அசையாமல் வேகத்தைக் குறைத்து அதை உள்ளே விட்டாள். பாலத்துக்குக் கீழே, இரண்டு பக்கமும் விரல் நுழைய இடமில்லாத இடத்தில், சைடு கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, துணியில் ஊசி போவதுபோல் வண்டியைக் கொண்டுபோனாள். ஒவ்வொரு வெள்ளைக் கோட்டிலும் நிற்கத்தான் செய்தாள். பின்னாலிருந்து ஹாரன் காதைக் கிழித்தது. இருந்தாலும் நேரம் கையில் இருந்தது.

அலுவலகத்துக்குப் போகிற பெரிய சாலையில் திரும்பும் நாற்சந்திக்கு வந்தோம். அங்கேதான் வினை. மந்திரியை வரவேற்க ஆளுங்கட்சி ஊர்வலம் வைத்திருந்தது. சாயங்காலம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். மந்திரி காலையிலேயே வருவதால் அவர்களும் காலைக்கு மாற்றிவிட்டார்களாம். எங்களுக்கு யார் சொல்வார்கள்?

பேண்டு வாத்தியக்காரர்களும் கொடி பிடித்தவர்களுமாக ஒரு பெருங்கூட்டம் சாலை ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில், அந்தப்புறம் போகக் காத்து நின்றது. ஒரு வண்டியும் அவர்களுக்கு வழி விடவில்லை. அவரவருக்கு அவரவர் அவசரம். கார்கள் சீறிக்கொண்டு போயின. டிரம் வைத்திருந்தவர் இரண்டு தடவை காலை எடுத்துவைத்துப் பின்வாங்கினார்.

எங்கள் பஸ் வந்தது. வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் நின்றது.

“அம்மா! டிரைவரம்மா! இன்னிக்கு மட்டும் விடுங்க!” என்று முன்சீட்டு எழுந்தே விட்டார். “இவங்க கடந்து முடியறதுக்குள்ள மந்திரி வீட்டுக்கே போயிருவாரு!”

“கோடு இருக்கு சார்” என்றாள் அவள்.

பஸ் வழியை அடைத்துக்கொண்டு நிற்கவும் பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் நின்றாக வேண்டியதாயிற்று. கூட்டம் கடந்தது. டிரம்காரர் பஸ்ஸைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கொடி, பேனர், பேண்டு, மறுபடியும் கொடி. முடிவே இல்லை. நான் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். மாடி போர்ஷனின் வெள்ளையடித்த சுவர் கண்முன்னால் வந்து நின்றது.

கடைசி வரிசை கடந்ததும், அப்போதுதான் வந்து சேர்ந்த போலீஸ்காரர் ஒருவர் கையை நீட்டி எல்லா வண்டியையும் நிறுத்தினார். ஊர்வலம் முன்னால் போகும், மற்றவர்கள் பின்னால் காத்திருக்க வேண்டுமாம். ஊர்வலத்தின் கடைசியில் நடந்த ஒருவர் திரும்பி வந்தார்.

“ஐயா, இந்த பஸ்ஸ மட்டும் விடுங்க. எங்களுக்காக நின்ன ஒரே வண்டி இதுதான். எங்க கூடவே வரட்டும்” என்று போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு, யார் அந்த மகராசன் என்று பார்க்க டிரைவர் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார்.

மச்சான்.

வாயில் ஈ நுழைவது தெரியாமல் நின்றார். அப்புறம், “ஏய்! நீயா?” என்றார்.

“ஆமாண்ணே. நேரமாச்சு, நகருங்க.”

நான் அவரை எங்கள் கல்யாணத்திலிருந்து பார்க்கிறேன். அந்த மாதிரி ஒரு முகத்தை அன்றுதான் பார்த்தேன். கையிலிருந்த கொடியைத் தூக்கினார். “வழி விடுங்க! வழி விடுங்கப்பா! என் தங்கச்சி வர்றா! பஸ் ஓட்டிக்கிட்டு வர்றா!” என்று கத்திக்கொண்டே பஸ்ஸுக்கு முன்னால் ஓடினார். போகிற வழியில் அந்தக் கொடியை பஸ்ஸின் முன்கண்ணாடியில் இடதுபக்கமாக செருகிவிட்டுப் போனார்.

இடதுபக்கம் என்றால் முன்சீட்டின் முகத்துக்கு நேராக.

“ஐயையோ, என் மூஞ்சிக்கு நேரா ஏன்யா வைக்கிறான்! யாராவது எடுங்களேன்!”

“சார், அசையாம இருங்க. சைடு கண்ணாடி மறைக்குது” என்றாள் டிரைவரம்மா.

போலீஸ் ஒதுக்கிவிட்ட சாலையில், பேண்டு முழங்க, ஒரு வண்டியும் எதிரே வராமல், பஸ் போயிற்று. பழைய நகரத்தின் மிகப்பெரிய சாலை எங்கள் ஊர் சாலை மாதிரி காலியாகக் கிடந்தது. அலுவலக வாசலில் மந்திரி நின்றிருந்தார். பஸ் நிறைய ஊழியர்கள் ஊர்வலத்தோடு வந்து இறங்குவதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முதலில் இறங்கிய முன்சீட்டை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷமாக அந்தக் கட்சியை வாய் ஓயாமல் திட்டிய மனிதர், மந்திரியின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சிரிப்பு அடங்காது.

நேரத்துக்கு வந்த பஸ் அது ஒன்றுதான். போக்குவரத்து அதிகாரியின் ஜீப் நாற்சந்திக்கு அந்தப்புறம் மாட்டிக்கொண்டிருந்தது. அவர் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது, எங்கள் பஸ் குறுகலான முற்றத்தில் பின்பக்கமாக ஏறி, சுவரோரம் கோடு போட்டதுபோல் நின்றிருந்தது.

“இது கணக்குல வராதும்மா” என்றார். “ஊர்வலத்தோட ஒட்டிக்கிட்டு வந்துட்டீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு இல்லை.

“சரி சார். சாயங்காலம் ஊர்வலம் எதுவும் இல்ல. நெரிசல் நல்லா இருக்கும். நீங்களே ஏறி வந்து பாருங்க.”

எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். அவரால் மறுக்க முடியவில்லை.

சாயங்காலம் அதிகாரி வந்தார். முன்சீட்டு எழுந்து தன் இடத்தை அவருக்குக் கொடுத்தார். இது வரலாற்றில் முதல் தடவை. பஸ் கிளம்பியது. நகரமே வீட்டுக்குப் போகிற நேரம். ஆட்டோக்கள், தள்ளுவண்டிகள், ஃபுட்பாத்தில் ஏறி வருகிற ஸ்கூட்டர்கள். அதிகாரி கண்கொத்திப் பாம்பாக அவள் கையையும் காலையும் பார்த்துக்கொண்டு வந்தார். அவள் நின்றாள், எடுத்தாள், விட்டுக்கொடுத்தாள், நுழைந்தாள். ஒரு குலுக்கல் இல்லை. வெள்ளைக் கோட்டில் நிற்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையாட்டிவிட்டுக் கடந்தார்கள். பாலம் தாண்டியது. நெடுஞ்சாலை வந்தது.

அப்போதுதான் முன்சீட்டு திரும்பி எங்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். அதிகாரியின் தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மனிதர் தூங்கிவிட்டார்.

“யாரும் எழுப்பாதீங்க” என்றார் முன்சீட்டு கிசுகிசுப்பாக. “இதவிட ஒரு தீர்ப்பு உண்டா?”

குவார்ட்டர்ஸ் வரைக்கும் பஸ்ஸில் ஒருவரும் இருமக்கூட இல்லை. எஞ்சினை அணைத்த பிறகுதான் அவர் விழித்தார். “ரொம்ப நேரமாச்சா?” என்று கேட்டு, வெளியே அகலமான காலிச் சாலையைப் பார்த்து, தான் எங்கே இருக்கிறோம் என்று புரிந்து, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்கு எவ்வளவு பாடுபட்டோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “இந்த ரூட்டுல இனிமே நீங்கதான் ஓட்டுறீங்க. தற்காலிகத்த எடுத்துடச் சொல்றேன்” என்றார். பிறகு மெதுவாக, “நான் இப்ப எப்படிம்மா வீட்டுக்குப் போறது?” என்றார்.

“உட்காருங்க சார். தினமும் கடைசி டிரிப் முடிஞ்சதும் சிட்டி டிப்போவுல கணக்கு குடுத்துட்டுத்தான் வண்டிய இங்க கொண்டுவரணும்.”

நான் இறங்கவில்லை. அவள் கூடவே திரும்பிப் போய் வரலாம் என்று நினைத்தேன். அதற்குள் என் போன் அடித்தது. மச்சான். “தங்கச்சிகிட்ட குடுங்க மாப்பிள்ளை” என்றார். குரல் கம்மியிருந்தது. காலையில் கத்திய கத்தலுக்கு அது வேண்டியதுதான். போனை அவள் காதருகே பிடித்தேன்.

“அந்த மாடி போர்ஷன வாடகைக்கு விட்டுடறேன்மா” என்பது எனக்கும் கேட்டது.

“விடுங்கண்ணே” என்றாள் அவள். “குடி வர்றவங்களுக்குத் தினமும் இந்தப் பக்கம் வேலைன்னா சொல்லுங்க. சாயங்காலம் சிட்டிக்குத் திரும்புற பஸ்ல இடம் இருக்கு.”

சொல்லிவிட்டு எஞ்சினை முடுக்கினாள்.