குப்புற விழுந்த தையல்காரர்

திரை முழுக்கச் சாம்பல் நிறம். வேறு எதுவும் இல்லை.

"அண்ணா, தையல்காரர் வரல."

"அனுப்பிட்டேனே."

"அனுப்பினா வந்திருக்கணும்ல? இங்க ஒண்ணுமே இல்ல."

"நல்லா பாரு வாலு. கண்ண எங்க வச்சிருக்க?"

பல்லைக் கடித்துக்கொண்டு மவுஸின் சக்கரத்தைப் பின்னோக்கி உருட்டினேன். உருட்டிக்கொண்டே இருந்தேன். சாம்பல் மெல்ல வளைந்தது, ஒரு விளிம்பு தெரிந்தது, விளிம்பில் ஷூ கயிறு தெரிந்தது. இவ்வளவு நேரமும் நான் அந்த மனிதரின் ஷூவுக்குள் நின்றுகொண்டிருந்திருக்கிறேன். இன்னும் பின்னால் போனதும் ஆள் முழுசாகக் கண்ணில் பட்டார். மலை அளவு இருந்தார், குப்புற விழுந்து கிடந்தார்.

இது போன வாரம். ஆனால் எங்களுக்கு எல்லா வாரமும் இதேதான். அண்ணன் கணினியில் உருவம் செய்கிறவன், நான் அந்த உருவத்தை நடக்க வைக்கிறவள். அவன் வீட்டு முன்னறைதான் எங்கள் ஸ்டுடியோ. அவன் மென்பொருள் வேறு, என்னுடையது வேறு, இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். அவனுடையது மீட்டரில் பேசும், என்னுடையது சென்டிமீட்டரில். ஒரு நாள் ஆள் எறும்பாக வருவார், ஒரு நாள் மலையாக. அங்கே மேலே என்பது இங்கே முன்னே. அதனால் அங்கே கம்பீரமாக நின்றவர் இங்கே வந்ததும் விழுந்துவிடுவார். அனுப்பும்போது ஏதோ ரெண்டு கட்டத்தில் டிக் போட்டால் போதும் என்று எல்லாரும் புத்தி சொல்வார்கள். டிக் போட்ட நாளில் ஆள் நிமிர்ந்து வருவார், விரல்கள் முறுக்கிக்கொண்டு வரும். அதையெல்லாம் சரிசெய்து, உள்ளே எலும்பு வைத்து, எலும்போடு தோலைப் பிணைத்து, அப்பாடா என்று சாயும்போது அண்ணன் குரல் வரும். "மூக்க கொஞ்சம் மாத்திட்டேன். புதுசா அனுப்புறேன்." மறுபடியும் முதலிலிருந்து.

இதற்காக நாங்கள் போடாத சண்டை இல்லை. "நீங்க ரெண்டு பேரும் கத்துற கத்துல அந்த பொம்மையே எந்திரிச்சு ஓடிடும்" என்பாள் அண்ணி. ஓடினால் எனக்கு வேலை மிச்சம்.

தையல்காரர் ஒரு கண் மருத்துவமனை விளம்பரத்துக்கு. சிகிச்சை முடிந்து வந்தவர் முதல் முயற்சியிலேயே ஊசியில் நூல் கோத்துவிட்டு நம்மைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். ஆளை நிமிர்த்தி, பாதி அசைத்தும் முடித்த பிறகு மருத்துவமனைக்காரர்கள் ஆர அமரப் பார்த்துவிட்டு, இவ்வளவு இளமையான ஆள் வேண்டாம், வயதைக் கூட்டுங்கள் என்றார்கள். அண்ணன் சலித்துக்கொள்ளவே இல்லை. புதிதாகவே ஒருவரைச் செய்துவிடுகிறேன் என்றான்.

எனக்குச் சலித்துவிட்டது. எப்போதோ சலித்துவிட்டது. ஒரு பெரிய கம்பெனியில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே எல்லாரும் ஒரே மென்பொருளில் வேலை செய்கிறார்கள், யாரும் யாரையும் தூக்கி நிறுத்த வேண்டியதில்லை. இன்று மாலைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். அண்ணனிடம் வாயே திறக்கவில்லை. நான் போய்விட்டால் அவன் செய்கிற உருவங்கள் நின்றது நின்றபடி நிற்கும். அசைகிற படம் கேட்டு வருகிறவர்களிடம் அவன் என்ன சொல்வான்? இதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

இந்த வாரம் முழுக்க இன்னொரு எரிச்சல் வேறு. காலையில் வந்து உட்கார்ந்தால் என் நாற்காலி தாழ்ந்து கிடக்கும், மவுஸ் விசைப்பலகைக்கு இடப்பக்கம் போயிருக்கும். அண்ணன் மகளைப் பிடித்துத் திட்டினேன். "சத்தியமா நான் இல்ல அத்தை" என்று அழுதது குழந்தை. நம்பவில்லை.

இன்று காலை புதுத் தையல்காரர் வந்தார். கோப்பைத் திறந்தேன். நின்றுகொண்டிருந்தார். சரியான உயரத்தில், தரையில் கால் பதித்து, என்னை நேராகப் பார்த்து. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், சந்தேகம்தான் வந்தது.

கைகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நூல் கோக்கிற காட்சியில் திரையை நிறைக்கப் போவது அந்தக் கைகள்தான். மணலடைத்த கையுறை மாதிரி இருந்தன. விரல்களுக்குள் உயர வித்தியாசமே இல்லை, நகம் என்று பேருக்கு ஒரு கோடு. என் அண்ணனா இதைச் செய்தான்? அவன் இடது கைக்காரன். இடது கையில் பேனாவைப் பிடித்து, வலது கையைக் கண்முன் நீட்டி, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்வான். எங்கள் படங்களில் வந்த டாக்டர், திருடன், தபால்காரர் எல்லாருக்கும் இருப்பது அண்ணனின் கை. அந்தக் கை இதில் இல்லை.

மவுஸ் இன்றும் இடப்பக்கம்தான் கிடந்தது. என் மென்பொருளுக்கு வாடகை கட்டுவது ஒரே ஒரு கணினிக்கு, என் கணினிக்கு. வேறு எதிலும் அது திறக்காது.

"இத எதுல பண்ணின?"

அண்ணன் தன் திரையில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணா."

"உன்னுதுலதான்." திரும்பாமலே சொன்னான். "நேராதான நிக்கிறாரு?"

"நிக்கிறாரு."

"இனிமே அதுலயே பண்ணிடுறேன். கை பழகணும், அவ்வளவுதான். அங்க சுத்துறதுக்கு இருக்கிற பொத்தான் இங்க வேற என்னமோ பண்ணுது."

எனக்குத் தெரியாதா? ஒருமுறை அவனுடையதைக் கற்றுக்கொள்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து மவுஸைச் சுவரில் எறிந்தவள் நான்.

"கம்பெனி விஷயம் உனக்கு யாரு சொன்னா?" என்றேன்.

"அந்த கம்பெனிக்காரர் போன் பண்ணாரு. உங்க தங்கச்சி வேலை எப்படின்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"கோவம் மூக்கு மேல நிக்கும், ஆனா அவ தொட்டா பொம்மைக்கு மூச்சு வரும்னு சொன்னேன். பொய்யா சொல்ல முடியும்?"

என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்லியும்விட்டு, விடியற்காலையில் என் நாற்காலியைத் தாழ்த்தி உட்கார்ந்து, தெரிந்த கையைத் தெரியாத கையாக்கிக்கொண்டு போராடியிருக்கிறான். அழுகையும் வந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

"கை நல்லால்ல அண்ணா."

"தெரியும்."

"கைய மட்டும் உன்னுதுல பண்ணி அனுப்பு."

"விழுந்துதான் வரும்."

"வரட்டும்."

அவன் தன் மேசைக்குத் திரும்பினான். சாப்பாட்டுக்கு அண்ணி கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை. வலது கையைத் திரை வெளிச்சத்தில் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலையில் கோப்பு வந்தது. திறந்தேன். திரை முழுக்கச் சாம்பல் நிறம். இந்த முறை நான் கத்தவில்லை. சக்கரத்தைப் பின்னோக்கி உருட்டினேன். சாம்பலில் ஒரு சுருக்கம் விழுந்தது, சுருக்கம் ஒரு விரல் மூட்டாக மாறியது, அப்புறம் நகம், புடைத்த நரம்பு. மேசைமேல் இருந்த என் போன் அதிர ஆரம்பித்தது. அந்தக் கம்பெனியின் எண்.

"எடு வாலு" என்றான் அண்ணன்.

போன் அதிர்ந்தபடியே மேசையின் விளிம்பை நோக்கி நகர்ந்தது. திரையில், அடிவானம் வரைக்கும் நீண்டு, அண்ணனின் இரண்டு கைகளும் தரையில் கவிழ்ந்து கிடந்தன.