மச்சாள் வீட்டைத் தாண்டிப் போன கரவன்

ஒகஸ்ட் மாதம் என்றாலே எனக்கு வெங்காய மணம்தான். மற்றவர்கள் வெயில், லீவு, கடற்கரை என்று சொல்வார்கள். நான் லண்டனுக்கு வந்த நாள் தொடக்கம் ஒகஸ்டில் வெங்காயம்தான் வெட்டியிருக்கிறேன். ஒரு வருடம் மோர்டனில் எங்கள் வீட்டுக் குசினியில். கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வந்தவர்கள் ஹோல் முழுக்க மெத்தை போட்டுப் படுத்திருப்பார்கள். அடுத்த வருடம் நாங்கள் போய் அவர்கள் ஹோலில் மெத்தை போட்டுப் படுப்போம், நான் அவர்கள் குசினியில் நிற்பேன். இதற்குப் பெயர் ஹொலிடே. டொரோண்டோவுக்கு மூன்று தரம் போயிருக்கிறேன், நயாகராவை இன்னும் காணவில்லை. போக வெளிக்கிட்ட அன்றெல்லாம் யாரோ வருகிறார்கள் என்று வடை சுட என்னை மறித்துவிட்டார்கள்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு தொடக்கத்தில் ஒருநாள் எனக்குப் பொறுமை விட்டுப்போனது. பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்த என் கணவர் குகதாசன் டிவிக்கு முன்னால் இருந்தார். நான் போய் டிவியை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்சேருங்கோ, இந்த ஒகஸ்டிலை ஒருத்தற்றை வீட்டையும் போறேல்லை. ஒருத்தரும் எங்கட வீட்டையும் வரேலாது."

"பின்னை எங்கை போறது?"

"எங்கட ஆக்கள் இல்லாத இடத்துக்கு."

மனிசன் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்ததிலும் நியாயம் இருந்தது. நோர்வேயில் அவருடைய சித்தப்பா மகன். ஒஸ்ரேலியாவில் என் தம்பி. ஜேர்மனியில் ஊருக்கு ஒருவர். ஐஸ்லாந்துக்குப் போவோம் என்று மகள் ஜதுர்ஷிகா சொன்னாள். அங்கேயும் ஒரு மீன் ஃபக்டரியில் என்னோடு படித்தவளின் புருஷன் வேலை செய்கிறான். கடைசியில் பள்ளிக்கூட அட்லஸை வைத்துக்கொண்டு மகன் யனுஷன்தான் கண்டுபிடித்தான். ஸ்பெயினுக்குத் தெற்கே, அல்மேரியா பக்கத்தில், தபேர்னாஸ் என்றொரு பாலைவனம்.

"டெசேர்ட் அம்மா. அங்கை ஆருமே இல்லை."

அந்தச் சொல் என் காதில் தேனாகப் பாய்ந்தது.

ஹோட்டல் என்றால் குகதாசனுக்குக் காய்ச்சல் வந்துவிடும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் தன் பழைய கரவனை விற்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற சின்ன வீடு. படுக்கை, மேசை, இரண்டு அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும். அதை வாங்கினோம். பிறகுதான் தெரிந்தது, எங்களைப் போல தொண்ணூற்றேழுக்குப் பிறகு லைசன்ஸ் எடுத்தவர்கள் இவ்வளவு பாரம் இழுக்கத் தனியாக ஒரு டெஸ்ட் பாஸ் பண்ண வேண்டும் என்று. குகதாசன் ஒருதரம் போனார். ரிவர்ஸ் எடுக்கும்போது எல்லைக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் கோனை இடித்துத் தள்ளிவிட்டு வந்தார்.

"ஏலாது தவம். இது எங்கட ஆக்களுக்குச் சரிவராது. பேசாமல் அக்கா வீட்டை போவம்."

தவம் என்று கூப்பிட்டது தவநாயகியாகிய என்னைத்தான். அவர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேனோ தெரியாது. நான் டெஸ்டுக்குக் காசு கட்டினேன். ஃபெயில். திரும்பக் கட்டினேன். அதுவும் ஃபெயில். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளில்லாத கார் பார்க்கில் கரவனைப் பின்னுக்கும் முன்னுக்கும் தள்ளித் தள்ளி, பிள்ளைகள் வெட்கத்தில் காருக்குள் தலையைப் பதித்துக்கொண்டு கிடக்க, நான் விடவில்லை. மூன்றாம் தரம் பாஸ். சோதித்தவர் கைகொடுத்தபோது அவருடைய விரல்களை இறுக்கி நெரித்தேன். சந்தோஷத்தில் இல்லை, ஆத்திரத்தில். முதல் இரண்டு தரமும் ஃபெயிலாக்கினவர் அவர்தான்.

வெளிக்கிட முதல் குகதாசனுக்கு இரண்டு கட்டளை போட்டேன்.

"கரவனிலை நான் அடுப்பிலை கை வைக்கமாட்டன். நீங்களும் பிள்ளையளும் காய்ச்சினால் சாப்பிடுவன், இல்லாட்டிப் பட்டினி கிடப்பன். மற்றது, ஆருக்கும் சொல்லக்கூடாது. அக்காவுக்கும்."

அக்காவுக்கும் என்றதும் அவருடைய முகம் சுண்டிப்போனது. குணசுந்தரி மச்சாள் என் கணவரின் மூத்த சகோதரி. பாரிஸில், மூன்று மகன்மாரும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் நிறைந்த வீட்டில் இருக்கிறார். குகதாசனை ஐரோப்பாவுக்கு எடுத்துவிட்டவர் அவர்தான். பிரான்ஸில் கால் வைத்துவிட்டு மச்சாள் வீட்டில் சாப்பிடாமல் வருவது எங்கள் குடும்பத்தில் ஒருவரும் செய்யாத காரியம். அவர்களோடு காணி வழக்குப் பேசினவர்கள்கூட அங்கே சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். ஆனால் ஸ்பெயினுக்குக் கரவன் இழுத்துக்கொண்டு போக எங்களுக்குப் பிரான்ஸைத் தவிர வேறு வழி இல்லை.

கலேயில் கப்பலால் இறங்கியபோது நான்தான் ஸ்ரியரிங்கில். குகதாசன் மடியில் ரோட்டு மப்பை விரித்து வைத்துக்கொண்டு நகத்தைக் கடித்தார். அபேவில் என்ற இடத்தில் ரோட்டு இரண்டாகப் பிரியும். ஒன்று பாரிஸுக்கு. மற்றது ரூவான் பக்கத்தால் சுற்றித் தெற்கே போகும். அந்தப் பிரிவு வர முதல், சொல்லி வைத்ததுபோல அவருடைய மொபைல் அடித்தது. எடுக்காதேயுங்கோ என்று நான் சொல்லி முடிக்க முதல் எடுத்துவிட்டார். மச்சாளின் குரல் எனக்கே கேட்டது.

"தம்பி, எங்கையடா நிக்கிறாய்?"

"வீட்டிலைதான் அக்கா."

"பொய் சொல்லாதை. லண்டனுக்கு அடிச்சால் வாற சத்தம் எனக்குத் தெரியாதே? இது இஞ்சத்தைச் சத்தம். நீ பிரான்ஸிலை நிக்கிறாய்."

எங்கள் ஆட்கள் போன் கார்ட் தேய்த்துத் தேய்த்து எந்த நாட்டுக்கு எப்படி மணி அடிக்கும் என்று பாடமாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. மனிசன் உடனே எல்லாவற்றையும் கக்கிவிட்டார், கரவன், ஸ்பெயின், பாலைவனம், தபேர்னாஸில் நாங்கள் நிற்கப்போகிற இடத்தின் பெயர், எல்லாம்.

"அப்ப எங்கட வாசலைத் தாண்டிப் போறியளோ?" மச்சாள் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் மோசம்.

குகதாசன் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"தவம், ஒரு தேத்தண்ணி மட்டும் குடிச்சிட்டு வருவம். அவ என்ரை அக்கா."

அந்த வீட்டுத் தேத்தண்ணி எனக்குத் தெரியும். தேத்தண்ணி இரவுச் சாப்பாடாகும், விடிந்தால் மருமகளின் சொந்தக்காரர் வருவார்கள், நான் மூன்றாம் நாளும் அங்கே நின்று புட்டு அவிப்பேன். பாலைவனம் அடுத்த வருடத்துக்குப் போகும். அடுத்த வருடம் என்று ஒன்று வராது. எனக்கும் பாவமாக இருந்ததுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் சிக்னலைப் போட்டு ரூவான் பக்கம் திருப்பினேன். கரவனும் பின்னால் சாதுவாகத் திரும்பி வந்தது. குகதாசன் அதற்குப் பிறகு வழி முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

பாலைவனம் என்றால் மணல் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். தபேர்னாஸில் மணல் குறைவு. காய்ந்து வெடித்த மண்மலைகள், இடையில் தண்ணீர் இல்லாத ஆற்றுப் பள்ளங்கள். ஒரு மரம் கிடையாது. வெயில் என்றால் அப்படியொரு வெயில், முகத்தில் அடுப்பைத் திறந்துவிட்டமாதிரி. ஓரிடத்தில் வழி தவறி ஒரு பள்ளத்துக்குள் இறங்கிவிட்டோம். முன்னுக்குப் போக ரோட்டு இல்லை, திருப்பவும் இடமில்லை. நான் அந்த மேடு முழுக்கக் கரவனை ரிவர்ஸிலேயே ஏற்றினேன். அன்றைக்குத்தான் குகதாசன் திரும்ப வாய் திறந்தார்.

"நீர் பொல்லாத ஆள்தான்," என்றார்.

நாங்கள் நின்ற இடத்தில் பைப் ஒன்றும் ஓலைக் கூரை போட்ட நிழலும் இருந்தன. நான் மடக்குக் கதிரையை நிழலில் போட்டு இருந்தேன். இருந்தேன் என்றால் சும்மா இருந்தேன். என்ன கஷ்டம் தெரியுமா சும்மா இருப்பது! உள்ளே குகதாசன் சோற்றைக் கரியாக்குகிற மணம் வரும், கால் தானாக எழும்பும். கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். யனுஷன் மீன் டின்னைத் திறக்கத் தெரியாமல் விரலை வெட்டிக்கொண்டு வருவான். பிளாஸ்டரைக் கொடுப்பேன், டின்னைத் தொடமாட்டேன். கருகின சோற்றைச் சாப்பிட்டேன். மண்மலைகளில் வெயில் இறங்க இறங்க நிறம் மாறுவதைப் பார்த்தேன். ஐயோ, எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! நாற்பத்திமூன்று வயதில் முதல்தரமாக, எழும்பினால் என்ன சமைப்பது என்று யோசிக்காமல் படுத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் குகதாசன் போனைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். அந்த நிற்கிற விதமே சரியில்லை.

"அக்கா அல்மேரியா எயார்போர்ட்டிலை நிக்கிறாவாம். டாக்ஸி பிடிச்சு வாறாவாம்."

"ஆர் ஆர் வருகினம்?"

"தெரியாது. கேக்கப் பயமாக் கிடந்தது."

பாரிஸிலிருந்து ஸ்பெயினுக்கு, ஒரு தேத்தண்ணி குடிக்காமல் போனதற்கு நியாயம் கேட்க வருகிறார்கள்! மச்சாளின் புருஷன் நவரத்தினம் அத்தான் வருவார், மகன்மார் வருவார்கள், ஒரு பெட்டி நிறைய ஆட்டிறைச்சியும் கட்டாயம் வரும். இந்த இரண்டு அடுப்பில் நான் இத்தனை பேருக்கும் காய்ச்ச வேண்டும். சாவேனே தவிர எழும்பமாட்டேன். வந்தவர்கள் நிற்கட்டும், ஏசட்டும், இரத்த உறவு அறுகிறது என்றால் அறுகட்டும். இந்தக் கதிரையை விட்டு எழும்பினால் பிறகு வாழ்நாளில் நான் இருக்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

டாக்ஸி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. மச்சாள் இறங்கினார். சேலை, அதற்கு மேல் ஒரு கார்டிகன், தோளில் ஒரு சின்ன ஹாண்ட்பாக். டாக்ஸி திரும்பிப் போய்விட்டது. வேறு ஒருவரும் இறங்கவில்லை. பெட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை.

குகதாசன் ஓடிப்போய் அழத் தொடங்கினார். மச்சாள் அவரை விலக்கிவிட்டு நேரே என்னிடம் வந்தார். எங்கள் பழக்கத்தில் வந்தவர் மூத்தவர் என்றால் இருக்கிறவள் எழும்பத்தான் வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கால் மட்டும் என்னைக் கேட்காமல் எழும்பப் பார்த்தது.

"எழும்பாதேயும்," என்றார் மச்சாள். "இரும். அப்பிடியே இரும். நான் பாக்க வேணும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் இன்னொரு மடக்குக் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு இருந்தார். செருப்பைக் கழற்றினார். கார்டிகனைக் கழற்றினார். ஜதுர்ஷிகா கொண்டுவந்து வைத்த வாளித் தண்ணீருக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"மச்சாள், என்னை ஏச வந்தனீங்களோ?"

"ஏசத்தான் போறன் எண்டு சொன்னன். அதுக்குத்தான் விட்டவை." கண்ணைத் திறக்கவில்லை. "இருபத்திரண்டு வருசம் பாரிஸிலை இருக்கிறன். ரெண்டு நாள் எங்கையாவது போட்டு வாறன் எண்டால், வீட்டை ஆர் பாக்கிறது எண்டு கேப்பினம். இந்தமுறை, குகதாசன்ரை பெண்சாதி எங்கட வாசலைத் தாண்டிப் போட்டாள், நேரை போய் நாக்கைப் பிடுங்கிற மாதிரிக் கேக்கப்போறன் எண்டன். அத்தான் தன்ரை காசிலை ரிக்கெட் போட்டுத் தந்தார்."

இவருடைய குசினியில் நான் எத்தனை ஒகஸ்ட் நின்றிருக்கிறேன்! நான் வெங்காயம் வெட்டும்போது பக்கத்தில் நின்று தேங்காய் துருவியது யார்? நாங்கள் எல்லாரும் லண்டனுக்குத் திரும்பிப் போன பிறகும் அந்தக் குசினியிலேயே நின்றது யார்? கையை நீட்டி அவருடைய கையைப் பிடித்தேன். முழங்கைவரை எண்ணெய் தெறித்த தழும்புகள்.

அப்போது மச்சாளின் ஹாண்ட்பாக்குக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். அத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு போனைக் காதில் வைத்தார். அடுத்த நிமிடம் அந்தப் பாலைவனமே அதிரக் கத்தினார்.

"உமக்கு வெக்கம் ரோசம் இல்லையோ தவநாயகி? தாண்டிப் போக என்னெண்டு மனம் வந்தது? நாங்கள் என்ன செத்தே போனம்?"

கத்தும்போதும் கால் வாளித் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நானும் பிடித்துக்கொண்டேன்.

"என்ரை ஹொலிடே, நான் எங்கை வேணுமெண்டாலும் போவன்!" என்று திரும்பிக் கத்தினேன். நடிப்புத்தான். ஆனால் அதைச் சொல்லிக் கத்தியதில் எனக்கு எவ்வளவு ஆறுதல்! கரவன் வாசலில் அகப்பையோடு நின்ற குகதாசன் உண்மையான சண்டை என்று நினைத்து அகப்பையைக் கீழே போட்டார்.

மச்சாள் குரலைத் தணித்தார். "கேட்டியளோ? வாய் காட்டுறா... ஓம்... ஓம். இல்லை, நாளைக்கு வரேலாது. இவவுக்குப் புத்தி வரேல்லை. ஒரு கிழமையாவது, ஏழு நாளும் நிண்டு ஏசினால்தான் சரிவரும்." அந்தப் பக்கத்தில் அத்தான் ஏதோ சொன்னார். "சோறு ஃபிறீசரிலை கிடக்கு. எடுத்துச் சூடாக்கிச் சாப்பிடுங்கோ."

போனை நிறுத்தி மடியில் வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். சிரித்துச் சிரித்து மச்சாளின் கண்ணால் தண்ணீர் ஓடியது. சேலைத் தலைப்பால் துடைத்தார், திரும்ப ஓடியது, திரும்பத் துடைத்தார். பிறகு காலை இன்னும் ஆழமாக வாளிக்குள் விட்டு எதிரே இருந்த மலைகளைப் பார்த்தார்.

"ரெண்டு கிழமை எண்டு சொல்லியிருக்கலாம்," என்றார்.