பிள்ளையார் சுழிக்கு நாலு பைட்

கிள்ளான் பெருமாள் கோயிலில் சூடம் அணைத்தே சொல்லலாம்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

கிள்ளானை அடுத்த மேருவில் தம்புசாமியின் கையுறைத் தொழிற்சாலையில் முகுந்தனுக்கு மூன்று மாதத் தற்காலிக வேலை. அவன் எழுதிய எண்ணும் புரோகிராம் கடைசி நாள் காலை பத்து மணிக்கு முதலாளி கண்ணெதிரே ஓடினால் வேலை நிரந்தரம், ஓடாவிட்டால் வீடு.

ஆறு பெல்ட்டுகளில் வரும் கையுறைகள் ஒரே எண்ணில் சேர வேண்டும். இரண்டு பெல்ட் ஒரே நொடியில் கூட்ட வந்தாலும் தப்பாமலிருக்க, இடையில் யாரும் கைவைக்காதபடி அதை ஒரே மூச்சில் கூட்டியாக வேண்டும். கம்பெனியின் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்து லேப்டாப்பில் ஒரு வாரம் பிசகில்லாமல்தான் ஓடியது.

பத்து மணி. முதல் கையுறை வந்தது. புரோகிராம் செத்தது.

பெல்ட்டுகளுக்கு அது தெரியாதே! ஓடிக்கொண்டே இருந்தன. கால்மணியில் குவியல் கூரையை முட்டியது. காற்றடைத்த கையுறை ஒன்று பறந்து வந்து, தம்புசாமியின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிய அறைந்தது.

“என்னா லா இது? என் ஃபேக்டரி என்னையே அடிக்குது!”

மூத்த புரோகிராமர் விஷ்ணுப்ரியா லேப்டாப்பைப் பிடுங்கிப் பார்த்தாள். “டேய், எண்ணுக்கு மேல நாலு பைட்ல என்னாடா இது?”

“பிள்ளையார் சுழிதான்க்கா.”

“கமெண்ட்ல போட வேண்டியதுதானே?”

“கமெண்ட் மனுஷங்க படிக்கிற குறிப்பு, அத மெஷின் படிக்காதேக்கா. பிள்ளையார ஏமாத்தின மாதிரி ஆயிடும்.”

விஷ்ணுப்ரியா தலையில் அடித்துக்கொண்டாள். “உன் லேப்டாப்புக்குன்னா, புரோகிராம மெஷின் பாஷைக்கு மாத்தற கம்பைலரே அந்த எண்ண எட்டாவது பைட்டுக்குத் தள்ளி வச்சிடும். இங்க இருக்கிறது முப்பத்திரெண்டு பிட் சின்ன போர்டு, தள்ளாது. இந்த எட்டு பைட் எண்ண ஒரே மூச்சுல கூட்டணும்னா எட்டால வகுபடற இடத்துல அது உக்காரணும். உன் சுழியால நாலுல உக்காந்திருக்கு. சுழிய கீழ கொண்டு போ.”

“பிள்ளையார கீழயா?” தம்புசாமி கன்னத்திலிருந்து கையை எடுத்தார். “அப்புறம் உனக்கு இங்க வேலை இல்ல, பாத்துக்க!”

மேலே வைத்தால் புரோகிராம் சாகும். கீழே வைத்தால் வேலை போகும். முகுந்தன் முதல் சுழிக்கு அடியிலேயே இன்னொரு சுழி போட்டான். நாலும் நாலும் எட்டு. எண் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது.

குவியலிலிருந்த கையுறைகள் தாமாகவே இறங்கி, வரிசை பிடித்து, ஒன்றையொன்று இடிக்காமல் எண்ணிக்கை கொடுத்தன. கடைசிக் கையுறையும் எண்ணி முடிந்ததும் தம்புசாமி, “நாளையிலருந்து நீ பெர்மனென்ட் லா” என்றார்.

அன்று காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை அந்தத் தொழிற்சாலையில் கரண்ட் இல்லை.