ரோபோவின் நான்காவது கால்

ரிஜெக்ட் சார் என்ற பெயர் அவருக்கு வெளிநாட்டுத் தொழிற்சாலையில் கிடைத்தது. தண்ணீர் மோட்டார் செய்கிற இடம். வரிசையில் கடைசி மேஜை அவருடையது. அவர் கையைத் தாண்டாமல் எந்த மோட்டாரும் பெட்டிக்குள் போகாது, தாண்டுவதும் லேசில்லை. மூடியில் மயிரிழை அளவுக்குக் கீறல் இருந்தாலும் போதும், அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். "ரிஜெக்ட்" என்று தள்ளி வைத்துவிட்டு அடுத்ததைக் கையில் எடுப்பார். மேலதிகாரிகளுக்கு அவர் என்றால் உயிர். கூட வேலை பார்த்தவர்களோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவே யோசிப்பார்கள். தட்டைப் பார்த்து என்ன சொல்வாரோ என்ற பயம்.

அந்த வேலையைத் தலைமுழுகிவிட்டுத்தான் இப்போது வீட்டுக்கு வந்திருந்தார். வருஷத்தில் ஒரே ஒரு மாதம் அப்பாவாக இருந்து அலுத்துவிட்டது. ஒவ்வொரு லீவிலும் பிள்ளைகள் அவரோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கும் நேரத்தில் பெட்டி கட்ட வேண்டியிருந்தது. போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும். மகளும் மகனும் வழக்கமான லீவு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நேரா சொல்லித் தொலைங்களேன். இதுல என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கு?" என்றாள் மனைவி.

"சும்மா சொன்னா எப்படி? ஒரு நல்ல நேரமாப் பாத்துச் சொல்லணும். அதுங்க காலத்துக்கும் மறக்கக் கூடாது."

நல்ல நேரத்தைக் கையோடு வாங்கியும் வந்திருந்தார். நாலு கால் ரோபோ, வீட்டிலேயே பாகம் பாகமாகப் பூட்டிச் செய்வது. மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து செய்ய வேண்டும், அது முதல் அடி எடுத்து வைக்கிற நொடியில், "அப்பா இனிமே எங்கயும் போகப் போறதில்ல" என்று சொல்ல வேண்டும். விமானத்தில் வரும்போதே அந்த வாக்கியத்தை மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தார். அதைக் கேட்டதும் இரண்டு முகங்களும் எப்படி மலரும் என்று பார்க்கத்தான் அந்த மனிதர் நல்ல வேலையை விட்டார் என்று சொன்னாலும் பொய்யாகாது.

முதல் நாள் பெட்டியைப் பிரித்தபோது வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஆறு வயது சின்னவன் பொட்டலங்களை எல்லாம் கிழித்து மடியில் கொட்டிக்கொண்டான். பத்து வயதுப் பெரியவள் ஒரு பல்சக்கரத்தையும் ஒரு காலையும் எடுத்து, படத்தைப் பார்க்காமலேயே ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்தாள்.

"கைய எடு, கைய எடு!" என்றார் ரிஜெக்ட் சார். "முதல்ல எல்லாம் சரியா இருக்கான்னு பாக்கணும்."

ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். பாகங்களை இனம் இனமாகக் கிண்ணங்களில் பிரித்தார். பிளாஸ்டிக் தட்டிலிருந்து ஒடித்தெடுத்த ஒவ்வொரு துண்டிலும் ஓரத்தில் ஒரு பிசிறு இருந்தது. அதை அரம் வைத்துத் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மறுபடி தேய்த்தார். பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஓர் உப்புத்தாள் கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலம் வரை அந்த வீட்டில் தேய்க்கிற சத்தம் மட்டும்தான். ரோபோ செய்ய உட்கார்ந்த பிள்ளைகள் பாத்திரம் விளக்க வந்தவர்களைப் போல ஆகிவிட்டார்கள்.

மறுநாள் பெரியவள் தானே ஒரு காலைப் பூட்டினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஸ்க்ரூவை நிமிர்த்தி வைத்து, பொறுமையாகத் திருகி முடித்து அப்பாவிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். கால் அசைந்தது. ஆனால் ஒரு நூலளவு சாய்ந்திருந்தது.

"நல்லாதான் இருக்கு," என்றார். "ஆனா..."

அந்த ஆனாவுக்குப் பிறகு கால் கழன்று கிண்ணத்துக்குத் திரும்பியது. அதே காலை அவள் அன்று மூன்று தடவை பூட்டினாள், அவர் மூன்று தடவை கழற்றினார். நான்காவது தடவை அவரே பூட்டினார்.

சின்னவன் அதற்குள் கண் ஸ்டிக்கர்களை எடுத்து ஒட்டிவிட்டான். ஒன்று முகத்தில், இன்னொன்று முதுகில்.

"என்னடா இது, முதுகுல கண்ணு?"

"பின்னாடி யாராவது வந்தா தெரியணும்லப்பா."

எந்த அப்பனும் தூக்கி வைத்துக் கொஞ்ச வேண்டிய இடம் அது. ரிஜெக்ட் சார் நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பினார். பாதி கிழிந்து வந்தது. சின்னவனின் முகம் சுண்டிப் போயிற்று. அழவில்லை, எழுந்து போய் ஜன்னல் ஓரத்தில் நின்றுகொண்டான். பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை பார்க்கும் மனைவி அப்போதுதான் உள்ளே நுழைந்தாள். ஒரு பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"எங்க டாக்டரே மரத்துப்போக ஊசி போட்டுட்டுத்தாங்க புடுங்குவாரு," என்றாள். "இங்க யாரும் உங்க தொழிற்சாலையில சம்பளத்துக்கு வேலை பாக்கல."

"பாத்தும் பாக்காத மாதிரி விட்டா அது ஒழுங்கா நடக்குமா? நல்லதுக்குத்தானே சொல்றேன்?"

நல்லதுக்குத்தான். அதில் எள்ளளவும் சந்தேகமில்லை. குறை கண்டுபிடிப்பதுதான் அக்கறை என்று இத்தனை வருஷமாகச் சம்பளம் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள் அவரை. அக்கறை இல்லாதவன்தான் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிடுவான் என்பது அவர் கட்சி.

இதே மனிதர் வெளிநாட்டில் இருந்தபோது வெள்ளிக்கிழமைகளில் வேறு ஆள். வாராவாரம் அன்றைக்குச் சாயங்காலம் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். அவருடைய விடுதியில் மாடிப்படியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். வேலை முடிந்த அழுக்குச் சட்டையோடு அங்கே உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் அந்த வாரம் செய்ததை எல்லாம் போன் முன்னால் நீட்டுவார்கள். அட்டைப்பெட்டி வீடு, யானை என்று சொல்லி வரைந்த ஏதோ ஒன்று, விழுந்த பல். படம் கலங்கலாகத்தான் தெரியும். அந்தக் கலங்கலில் கோணலும் பிசிறும் எங்கே தெரியப் போகிறது? "அடடா, யாரு பெத்த பிள்ளைங்க!" என்று வாய் ஓயாமல் கொண்டாடுவார். சின்னவன் போனுக்கு முத்தம் கொடுத்துத் திரையை எச்சிலாக்குவான். அது நடிப்பில்லை. அந்தப் படியில் உட்கார்ந்திருந்தவருக்கு எல்லாமே உண்மையில் அழகாகத்தான் இருந்தது.

இப்போது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது.

மூன்று கால்கள் ஏறிவிட்டன. நான்காவது காலைப் பூட்ட வேண்டிய நாளில்தான் ஒரு ஸ்க்ரூவைக் காணவில்லை. மற்ற ஸ்க்ரூக்களைப் போல் இல்லை அது, கழுத்துப் பக்கம் தடித்தது, காலைத் தாங்குவது. அது இல்லாவிட்டால் ரோபோ நொண்டிதான். ரிஜெக்ட் சாருக்குத் தலை சுற்றியது. கிண்ணத்தில் தானே போட்டு வைத்த பொருள் எப்படிக் காணாமல் போகும்? டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஊர்ந்தார். அலமாரியை நகர்த்தினார். துடைப்பத்தில் வந்த குப்பையைத் தரையில் பரப்பி விரலால் துழாவினார். கடை கடையாக ஏறி இறங்கினார், அந்த அளவில் எவனிடமும் இல்லை. பிள்ளைகளும் கூடவே தேடினார்கள். பெரியவள் அலுத்துக்கொள்ளாமல் திரும்பத் திரும்ப அதே மூலையில் குனிந்து பார்த்ததைக் கண்டு அவருக்கு உச்சி குளிர்ந்தது.

"நீங்க எப்பப்பா கிளம்புறீங்க?" என்று குனிந்தபடியே கேட்டாள் அவள்.

முந்தின நாளும் இதையே கேட்டிருந்தாள். பாவம், பிள்ளை இப்போதே ஏங்க ஆரம்பித்துவிட்டது என்று அவருக்கு நெஞ்சு கரைந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். நுனி நாக்கு வரை வந்துவிட்டது. ரோபோ நடக்கட்டும் என்று விழுங்கிவிட்டார்.

"அதுக்கு இன்னும் நாள் இருக்குடா," என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் பேட்டரி வாங்கக் கிளம்பினார். ஸ்க்ரூ எப்படியும் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை. திரும்பி வரும்போது வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. செருப்பைக் கழற்றக் குனிந்தவர் உள்ளே மோட்டார் கிர்ரென்று ஓடும் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றார்.

கதவிடுக்கில் தெரிந்தது. ரோபோ நாலு காலிலும் நின்றது. அலாரம் கடிகாரத்தின் பேட்டரிகளைப் போட்டிருந்தார்கள் போலிருக்கிறது, கடிகாரம் பக்கத்தில் வயிறு திறந்து கிடந்தது. ரோபோ இடது பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வாசலை நோக்கி வந்தது. சின்னவன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தான். பெரியவள் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, அதன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர் இந்த லீவில் பார்க்கவே இல்லை.

உள்ளே ஓடிப்போய் இருவரையும் அள்ளிக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவருக்கு. அதற்குள் பெரியவள் எழுந்து சுவிட்சை அணைத்தாள். திருப்புளியை எடுத்து நான்காவது காலைக் கழற்றத் தொடங்கினாள்.

"அக்கா, இன்னொரு வாட்டிக்கா."

"அப்பா வந்துருவாருடா. மறுபடி எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுருவாரு."

"அப்ப எப்பதான் காட்டுறது?"

"அவரு கிளம்பிப் போகட்டும். அப்புறம் மாட்டி, போன்ல காட்டலாம்." ஸ்க்ரூவைப் பென்சில் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். "போன்ல காட்டினா அப்பாவுக்குப் பிடிக்கும்."

"போன்ல அப்பா நல்லவரு, இல்லக்கா?"

"ம்."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வெயில் காலத்துக்கு இது, மழைக்காலத்துக்கு இது என்று துணி எடுத்து வைக்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். ரிஜெக்ட் சார் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவமானமாக இருந்தது. பெற்ற பிள்ளைகள் மேல் ஆத்திரமாகக்கூட இருந்தது. யாருக்காக எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தோம் என்று நெஞ்சு எரிந்தது. பிறகு வேண்டுமென்றே செருமிக்கொண்டு உள்ளே போனார். மூன்று கால் ரோபோ வெள்ளைத் துணியில் சாதுவாகப் படுத்திருந்தது.

"ஸ்க்ரூ கிடைக்கலப்பா," என்றாள் பெரியவள்.

"பரவால்ல. உக்காருங்க ரெண்டு பேரும். ஒரு விஷயம் சொல்லணும்."

அந்த வாக்கியத்தைச் சொன்னார். ஒத்திகை பார்த்தபடி வரவில்லை. "அப்பா இனிமே எங்கயும் போகப் போறதில்ல. இங்கயேதான் இருக்கப் போறேன்."

"லீவு முடிஞ்சாலுமா?" என்றாள் பெரியவள்.

"லீவே இல்லம்மா. வேலைய விட்டுட்டேன்."

சின்னவன் அக்காவைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

"அப்போ வெள்ளிக்கிழமை போன்ல யாருப்பா வருவாங்க?"

பெரியவள் தம்பியின் தொடையில் கிள்ளினாள். அவள் விவரமான பெண். என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னாள்.

"ரொம்ப சந்தோஷம்ப்பா."

பள்ளிக்கூடத்தில் டீச்சருக்கு எழுந்து நின்று சொல்கிற குரல் அது. பிறகு பென்சில் டப்பாவைத் திறந்து ஸ்க்ரூவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இங்கதான் கிடந்திருக்கு, பாக்கல. நீங்களே முடிச்சிடுங்கப்பா. உங்களுக்குத்தான் கரெக்டா வரும்."

"இல்லடா, நீயே மாட்டு. அப்பா எதுவும் சொல்ல மாட்டேன்."

"வேணாம்ப்பா. நாங்க பாக்குறோம்."

எவ்வளவு கெஞ்சியும் அவள் கை நீட்டவில்லை. இருவரும் சம்மணமிட்டு, கைகளை மடியில் வைத்து, அவருக்கு எதிரே அடக்கமாக உட்கார்ந்துகொண்டார்கள். வேறு வழியில்லாமல் அவர் காலைப் பூட்டினார். கை பழக்கத்தில் அதுபாட்டுக்கு வேலை செய்தது. சாய்வே இல்லாமல் பூட்டியது. புதுப் பேட்டரியைப் போட்டு ரோபோவைத் தரையில் நிறுத்தி, சுவிட்சில் விரலை வைத்தார்.

விரல் அழுத்துவதற்கு முன்பே பிள்ளைகள் கை தட்டிவிட்டார்கள்.

ரோபோ நேர்க்கோட்டில் நடந்து சுவர் வரை போய் முட்டி நின்றது. ஒரு குறை சொல்ல முடியாத நடை.

"கை தட்டிட்டோம்ப்பா," என்றான் சின்னவன். "இப்ப நாங்க வெளிய போய் விளையாடலாமா?"

அவர் தலையாட்டினார். இருவரும் வாசலைத் தாண்டியதும் ஓட்டம் பிடிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மனைவி வேலையிலிருந்து வந்தாள். வீட்டில் பிள்ளைகளைக் காணோம், ரோபோ சுவரை முட்டிக்கொண்டு இரைந்துகொண்டிருந்தது, இவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அட, நடந்துருச்சா! அப்ப சொல்லிட்டீங்களா?" என்றாள், கைப்பையைக்கூடக் கழற்றாமல். "என்ன சொன்னாங்க?"

"கை தட்டினாங்க," என்றார்.