சுகுணா மிஸ்ஸும் முந்திக் கட்டிய பேனரும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நானாக எழுதவில்லை. எழுதாவிட்டால் இனிமேல் கடைப்பக்கமே வரமாட்டேன் என்று சுகுணா மிஸ் சொன்னதால் எழுதுகிறேன். பொன்னமராவதியில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை என்னுடையது. கரண்டு போனால் கதை எழுதுவேன். பத்திரிகையில்கூட வந்திருக்கிறது, நம்பாவிட்டால் போங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கனிவே உருவான, கருணை பொங்கும் கண்களையுடைய, பண்பில் சிறந்த சுகுணா அவர்கள் ஒருநாள்

வேண்டாம். இது தொழில் கொடுத்த வியாதி. (என் பேனர்களில் பாசமிகு, நேசமிகு, தங்கமான எல்லாம் இருக்கும். அந்தத் தங்கமானவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்று ஒரு சொல் இருக்காது. யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதையும் அடித்துக் கொடுத்திருப்பேன்.)

2

மறுபடியும். சுகுணா ஒரு தனியார் பள்ளியில் எல்கேஜி டீச்சர். ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்தவர் வேலையை விட்டுப் போனதும், அந்த இடத்தைச் சுகுணா கேட்டார். திங்கட்கிழமை ஒரு டெமோ வகுப்பு எடுங்கள், பார்க்கலாம் என்றார்கள். பாடம் அட்ஜெக்டிவும் அட்வெர்பும். அதற்கு ஒரு சார்ட் அடிக்கத்தான் என் கடைக்கு வந்தார்.

"அண்ணே, ஒங்களுக்குப் புரிஞ்சா எந்தப் புள்ளைக்கும் புரிஞ்சிரும். கொஞ்சம் ஒக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"ஆளு எப்படின்னு சொன்னா அட்ஜெக்டிவ். செய்யிறது எப்படின்னு சொன்னா அட்வெர்ப். எங்க வீட்டுக்காரரு நல்ல மனுசன், இது அட்ஜெக்டிவ். நல்லாச் சாப்புடுவாரு, இது அட்வெர்ப்."

"நல்லாத் தூங்குவாரு?"

"அதுவும் அட்வெர்ப்தான். அதச் சொல்லி என்ன ஆகப்போகுது, விடுங்க."

எனக்கே புரிந்துவிட்டது. ஆனால் சார்ட்டைச் சுருட்டும்போது மிஸ்ஸின் முகம் வாடியிருந்தது. பிள்ளைகள் முன்னால் வாய் ஓயாதவர்தான். பெரியவர்கள் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளுமாம். டெமோவுக்குப் பிரின்ஸிபாலும் தாளாளரும் வருகிறார்கள்.

"மூக்கத் தொடச்சு விட்டே என் காலம் போயிருமோன்னு பயமா இருக்குண்ணே. கேள்வி கேக்குற புள்ளைகளுக்குப் பாடம் நடத்தணும். எனக்கு அந்த வகுப்பு வேணும்."

3

இங்கே அவர் கணவர் நல்லதம்பி வர வேண்டும். இந்த ஆளை நீங்கள் நம்பமாட்டீர்களோ என்று எனக்குச் சந்தேகம். முதல் பிரதியில், மனைவி முன்னேறுவது பிடிக்காத முரடனாக எழுதிப் பார்த்தேன். கதைக்கு நல்ல சண்டை கிடைத்தது. ஆனால் மனிதர் டிராக்டரை வாசலில் நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே கடைக்குள் வந்துவிட்டார். [முரடன் போனான். சண்டையும் போயிற்று. பரவாயில்லை.]

"மச்சான், எங்க ஊரு பஸ் ஸ்டாப்புக்கு ஒரு பேனர் வேணும். ஆறாம் வகுப்பு ஆங்கில ஆசிரியையாகப் பொறுப்பேற்கும்னு போட்டு, நல்லதா நாலு வார்த்த சேத்துக்கங்க. திங்கக்கெழம காலையில கட்டிரணும். அவளுக்குத் தெரிய வேணாம்."

"அன்னைக்குத்தான் டெமோவே. வேல கெடச்ச பெறகு கட்டலாம்ல?"

"மழ பேஞ்ச பெறகா நம்ம வெதைக்கிறோம்? புழுதியில வெதச்சிட்டுத்தான மானத்தப் பாக்குறோம்."

(மானம் என்றால் எங்கள் பேச்சில் வானம். காய்ந்த மண்ணை உழுது, ஈரம் இல்லாமலே விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மழை ஏமாற்றினால் விதை போச்சு. அடுத்த வருஷமும் விதைப்பார்கள்.)

மானம் பார்த்த பூமிக்காரரிடம் இதற்கு மேல் என்ன பேசுவது? அடித்தேன். அன்பான, அறிவான, பண்பான ஆங்கிலப் பேரொளியே என்று என் பங்குக்குச் சேர்த்தும் விட்டேன்.

4

திங்கட்கிழமை காலை. சுகுணாவின் தலையில் இடி விழுந்தாற்போல

இடியெல்லாம் விழவில்லை. பஸ் ஏற வந்தவர், பேனரில் தன் முகத்தை அத்தனை பெரிதாகப் பார்த்து நின்றுவிட்டார். பள்ளி வேன் அப்போதுதான் கடந்து போனது. ஜன்னலெல்லாம் பிள்ளைகள். நான் ஏணி மேல் நின்று கடைசிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தேன். கீழே நல்லதம்பி பெருமை பொங்க நின்றார்.

"ஏங்க, இன்னும் கெடைக்கவே இல்லையேங்க." மிஸ் கணவரிடம் திரும்பினார்.

"கெடச்சிரும்."

"கெடைக்கலைன்னா? நாளைக்கு நான் இந்த வழியா எப்படி வருவேன்?"

அது அவருக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. தலையைச் சொறிந்தார். "கெடைக்கலைன்னா கழட்டி மாட்டுக் கொட்டாய்க்கு மேல போட்டுருவோம். ஒழுகுதுல்ல."

மிஸ்ஸுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அது பாதி வழியிலேயே சிரிப்பாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"அண்ணே, அத அவுத்துச் சுருட்டிக் குடுங்க. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போறேன்."

5

வகுப்பறையில் நான் இல்லை. சாயங்காலம் மிஸ் கடைக்கு வந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

என் சார்ட் பைக்குள்ளேயே கிடந்ததாம். பேனரைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார். பின்பெஞ்சில் பெரியவர்கள். நாக்கு ஒட்ட ஆரம்பித்தது. பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு, இதில் அட்ஜெக்டிவ் எதெல்லாம் என்று கேட்டார்.

"அன்பான, அறிவான, பண்பான. மூணும் மிஸ்."

"இந்த மிஸ் எப்படிப் பாடம் நடத்துவாங்கன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

இல்லை.

"அப்ப நீங்க சொல்லுங்க."

அந்த வகுப்பில் பாதிப் பேர் அவரிடமே எல்கேஜி படித்தவர்கள். லவுட்லி என்றது ஒன்று. ஹாப்பிலி என்றது இன்னொன்று. கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், நீங்க மூக்குத் தொடச்சு விட்டா வலிக்கவே வலிக்காது. அதுக்கு இங்கிலீஷ்ல என்ன மிஸ்?"

"ஜென்ட்லி."

நாக்கு எங்கேயும் ஒட்டவில்லை. "அழுதுட்டேண்ணே," என்றார் என்னிடம். "அழுதுக்கிட்டே போர்டுல ஸ்பெல்லிங்கும் எழுதிப் போட்டேன்."

6

முடிவைப் பிறகு சொல்வதாகத் தாளாளர் சொன்னார். சொல்லியும்விட்டார். எனக்குத் தெரியும். அந்தப் பேனர் இப்போது ஓர் இடத்தில் கட்டியிருக்கிறது. பஸ் ஸ்டாப்பா, மாட்டுக் கொட்டகையா? இரண்டு முடிவையும் எழுதி மிஸ்ஸிடம் காட்டினேன். இரண்டையும் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

"படிக்கிறவுக கேள்வி கேக்கட்டும்ணே. நம்மளே எல்லாத்தையும் சொல்லிட்டா அவுகளுக்கு என்ன வேல?"

ஆகவே இனி உங்கள் பாடு. கொட்டகைதான் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரே ஒரு தகவல். எழுத்தை உள்பக்கமாகப் போட்டால் வெயிலில் சாயம் போகாது என்று நல்லதம்பியிடம் நான் சொல்லியிருப்பேன். அவர் கேட்டிருக்கமாட்டார். எழுத்து ரோட்டைப் பார்க்கும்படிதான் கட்டியிருப்பார், நன்றாக இழுத்து.