எல்லாப் பதிலும் சரி

டாக்டர் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும், கணவர் எமிலிடமிருந்து கார் சாவியை வாங்கிவிடலாம். வில்மா இந்த ஒரு நம்பிக்கையில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லட்டும், சாவியை நானே உன் கையில தர்றேன். ஓட்டலாம்னு சொல்லிட்டார்னா நீ அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது" என்று எமில் வார்கோ சத்தியமே செய்திருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷன்தான், ஞாபகம் இருந்தால்.

அந்த ஞாபகம்தான் போய்க்கொண்டிருந்தது. போகாமல் என்ன செய்யும்? பதினோரு வருஷம் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அமெரிக்க ஃபுட்பால் ஆடி, எதிரே வந்த மலை மலையான ஆட்களை முட்டித் தள்ளிய தலை அது. டொலீடோ நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், போன மாதம் ரொட்டி வாங்கப் போய், பக்கத்து மாநிலத்துப் பெட்ரோல் பங்கில் நின்று அழுதார். அதற்கு முன்னால் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் நடைபாதையில் காரை ஏற்றினார். நல்ல வேளை, எந்தக் குழந்தை மேலும் படவில்லை. அன்றோடு வில்மாவுக்குத் தூக்கம் போயிற்று.

டாக்டர் கிம்பல், சீட்டில் எமிலின் பெயரைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"வார்கோவா? அறுபத்திநாலாம் நம்பர் ஜெர்சி வார்கோவா?"

சனிக்கிழமை தவறாமல் ரேடியோவில் பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிய வினாடி வினாவுக்கு போன் போடுகிற பைத்தியம் இந்த டாக்டர். வைத்தியம் அதோடு முடிந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன் சார். மூக்குக் கண்ணாடியோட ஆடினாரே, பந்தை உதைக்கிறவர், அவர் பேரு?"

"ஹோமர் டில். கண்ணாடியைக் கழட்டினா கோல் கம்பம் நாலா தெரியுதும்பான். நடு ரெண்டைப் பார்த்து உதைடா குருட்டுப் பயலேன்னு கத்துவோம்."

"கல்யாணத்தன்னைக்கு ஆட வந்தது?"

"டேல் ஒகாசெக். கல்யாணக் கோட்டு மேலேயே ஜெர்சியை மாட்டிக்கிட்டான். பொண்ணு வீட்டுக்காரங்க கேலரியில உக்காந்து திட்டினாங்க பாருங்க!"

டாக்டர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"டாக்டர், இன்னைக்கு என்ன கிழமைன்னு கேளுங்க" என்றாள் வில்மா.

"அட போங்கம்மா, அது எனக்கே தெரியாது."

"காலையில என்ன சாப்பிட்டார்னாவது கேளுங்களேன்."

"இவருக்கா ஞாபக மறதி? ரேடியோவுல உக்கார வெச்சா ஊரையே ஜெயிப்பாரு!"

படித்த மனுஷன் பேசுகிற பேச்சா இது? நேற்று எமில் குளியலறையிலிருந்து வெளியே வரத் தெரியாமல் கதவைத் தட்டிக்கொண்டிருந்ததை வில்மா அப்போதே போட்டு உடைத்திருக்கலாம். ஆனால் எமில் முதுகை நிமிர்த்தி, கண் மின்ன உட்கார்ந்திருந்தார். அந்த எமிலை அவள் பார்த்தே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாவி மனசு, இன்னும் ஒரு நிமிஷம் இப்படியே இருக்கட்டுமே என்று கெஞ்சியது. அதற்குள் டாக்டர் 'தாராளமாக ஓட்டலாம்' என்று எழுதிவிட்டார்.

வரும்போது வில்மாதான் ஓட்டி வந்திருந்தாள். வாசலில் எமில் கையை நீட்டினார். "சாவி. வாயைத் திறக்கக் கூடாதுன்னு பேச்சு."

கொடுத்துத் தொலைத்தாள்.

முதலில் நன்றாகத்தான் ஓட்டினார். வீட்டுக்குத் திரும்புகிற தெரு வந்தது, போனது.

"எமில், நம்ம தெரு போயிடுச்சே."

ஏரிக்கரை ரோடு வந்துவிட்டது, இரண்டு பக்கமும் பனி. எமில் அவள் பக்கம் திரும்பி, மரியாதையாகச் சிரித்தார்.

"மூணு மணிக்கு எனக்கு ப்ராக்டிஸ் இருக்கு. நீங்க எங்க இறங்கணும்?"

நாற்பத்தொரு வருஷத்தில் அவர் அவளை 'நீங்க' என்று சொன்னதே கிடையாது. அவர் ரோட்டைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு லாரி ஹாரனை அலறவிட்டு உரசிக்கொண்டு போனது. அழக்கூட நேரமில்லை.

"இங்கதான் சார். இங்கயே நிறுத்திடுங்க."

பதவிசாக ஓரங்கட்டினார். அவள் சாவியை உருவிக்கொண்டு வெளியே குதித்தாள்.

"ஏய்! சாவி! திருடி, திருடி!"

பின்னால் வந்த பனி தள்ளும் வண்டி நின்றது. ஓட்டி வந்தவன் இறங்கினான். "என்ன கலாட்டா இங்க?"

"இந்தம்மா என் சாவியைப் பிடுங்கிட்டாங்க தம்பி. நான் எமில் வார்கோ."

"நான் அவர் பொண்டாட்டிங்க. அவருக்கு ஞாபகம் சரியில்ல" என்றாள் வில்மா.

அவன் காதில் பெயர் மட்டும்தான் விழுந்தது. "வார்கோவா? எங்கப்பா உங்க பேரைச் சொல்லாத நாளே கிடையாது! நெஜமாவே நீங்கதானா? சரி, லிண்ட்க்விஸ்டுக்குக் கால் உடைஞ்சப்ப அவருக்குப் பதிலா இறங்கினது யாரு, சொல்லுங்க பாப்போம்?"

"கிளேட்டன் ரஸ்க். பயத்துல மைதானத்துலயே வாந்தி எடுத்தான்."

"அடேங்கப்பா!" அவன் வில்மா பக்கம் திரும்பினான். முகம் மாறிவிட்டது. "இவருக்கா ஞாபகம் சரியில்ல? சாவியைக் கொடும்மா மரியாதையா."

"மாட்டேன். போலீஸைக் கூப்பிடு. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், கூப்பிடு!"

"போலீஸெல்லாம் எதுக்கு?" என்றார் எமில். கோபம் எங்கேயோ போயிருந்தது. "எங்க வீட்டுக்கு ஒரு போன் போடுப்பா. என் பொண்டாட்டி வில்மா இருப்பா. அவ வந்தா எல்லாத்தையும் பாத்துக்குவா." நம்பரைத் தங்குதடையில்லாமல் ஒப்பித்தார்.

"எமில், நான்தான் வில்மா. என்னைப் பாரேன்."

அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, பாவம் என்பதுபோல் தலையை ஆட்டினார். "அவ சின்னப் பொண்ணும்மா."

வண்டிக்காரன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். "அடிச்சுக்கிட்டே இருக்கு சார். யாரும் எடுக்கல."

"அவ எடுப்பா, வெச்சிடாதே" என்றார் எமில். "அவ என்னை விட்டுட்டு எங்கயும் போக மாட்டா."